பேதுரு பந்தியை விட்டு எழுந்த இடம்

பெஹாலா எங்கே இருக்கிறது என்று ஊரில் கேட்பவர்களிடம் "கங்குலி ஊர்" என்று சொல்லிவிடுவேன். அதற்கு மேல் விளக்கம் தேவைப்படுவதில்லை. கொல்கத்தாவுக்குத் தெற்கே, டயமண்ட் ஹார்பர் ரோட்டை ஒட்டி நீளமாகப் படுத்துக் கிடக்கிற பகுதி. மழை வந்தால் முழங்கால் தண்ணீர், பூஜை வந்தால் முழங்கை இடிக்கிற கூட்டம். 2022 கடைசியில் ஜோகாவிலிருந்து தாராதலா வரை மெட்ரோ வந்தது, 2024-ல் மாஜேர்ஹாட் வரை நீண்டது. அதற்கு முன்னால் நாங்கள் பஸ்ஸில் பட்ட பாட்டைத் தனியாகத்தான் எழுத வேண்டும்.

இங்கே எங்களுக்கு ஒரு தமிழ் ஜெபக்கூட்டம் உண்டு. மாதம் ஒரு சனிக்கிழமை சாயங்காலம், யாராவது ஒருவர் வீட்டு ஹாலில். மொத்தம் பதினோரு குடும்பம். சி.எஸ்.ஐ., லுத்தரன், பெந்தெகொஸ்தே எல்லாம் கலந்து கட்டி. ஒரு கத்தோலிக்கக் குடும்பமும் வருகிறது, இட்லிக்காகத்தான் வருகிறோம் என்று அவர்களே சிரித்துக்கொண்டு சொல்வார்கள். போதகர் கிடையாது. அதனால் மாதம் ஒருவர் செய்தி கொடுக்க வேண்டும். யாருக்கு எந்தப் பகுதி என்று முடிவு செய்வது எங்களில் மூத்தவரான அண்ணாச்சி. ரெயில்வேயில் இருந்து ஓய்வு பெற்றவர், நேரம் விஷயத்தில் மகா கண்டிப்பு.

"ஒங்களுக்கு கலாத்தியர் மூணு, தம்பி. இருபது நிமிசத்துக்கு மேல போனா காபி ஆறிரும், பாத்துக்கிடுங்க."

செய்தி கொடுக்கிறவர்களில் இரண்டு வகை உண்டு. முதல் வகை, வசனத்தை வாசித்துவிட்டு பைபிளை மூடி வைத்துவிட்டு, தாங்கள் ஏற்கனவே சொல்ல நினைத்திருந்ததைச் சொல்வார்கள். பிள்ளைகள் படிப்பு, செல்போன் கெடுதல், அவருடைய மேனேஜர். எந்த வசனத்தை வாசித்தாலும் அதே பிரசங்கம்தான் வரும். இரண்டாவது வகை, வசனத்துக்குக் கிரேக்க அர்த்தம், எபிரெய அர்த்தம் எல்லாம் சொல்லி, கேட்கிறவன் திங்கட்கிழமை காலையில் என்ன செய்ய வேண்டும் என்பதை மட்டும் சொல்லாமல் விட்டுவிடுவார்கள். வசனம் தன் பாட்டுக்குப் பேச வேண்டும், பேசி முடித்ததும் நம் கையையும் காலையும் ஏதாவது செய்யச் சொல்ல வேண்டும். சொல்லிவிடலாம், செய்வது கஷ்டம்.

கலாத்தியர் மூன்றில் எல்லாருக்கும் தெரிந்த ஒரு வசனம் 28. யூதன், கிரேக்கன் என்றும், அடிமை, சுதந்திரன் என்றும், ஆண், பெண் என்றும் கிறிஸ்துவுக்குள் பிரிவு இல்லை, எல்லாரும் ஒன்று என்று பவுல் எழுதியிருக்கிறார். இதை வைத்து இருபது நிமிடம் பேசுவது சுலபம். எல்லாரும் தலையாட்டுவார்கள். காபியும் ஆறாது.

அந்த வாரம்தான் ஊரிலிருந்து அக்கா போன் பண்ணினாள்.

அக்கா மகள் பெங்களூரில் வேலை பார்க்கிறாள். அங்கே கூட வேலை பார்க்கிற ஒரு பையனைக் கல்யாணம் பண்ணிக்கொள்ளப் போவதாக வீட்டில் சொல்லிவிட்டாள். பையன் கிறிஸ்தவன்தான். சி.எஸ்.ஐ.தான். அவன் அப்பா ஒரு கிராமச் சபையில் உபதேசியாராக இருந்தவராம். குடிக்க மாட்டான், சம்பளம் நல்ல சம்பளம்.

"பெறகு என்னக்கா?"

"நம்ம ஆட்கள் இல்லல்லா, தம்பி."

(நாங்கள் எந்த ஆட்கள், அவர்கள் எந்த ஆட்கள் என்று நான் இங்கே எழுதப் போவதில்லை. எழுதினால் பாதிப் பேர் அதை மட்டும்தான் படிப்பீர்கள்.)

அக்கா கெட்டவள் இல்லை. விடியற்காலை நாலு மணிக்கு எழுந்து ஜெபிக்கிறவள். வருடத்துக்கு ஒருமுறை பைபிளை முழுதாக வாசித்து முடிக்கிறவள். பக்கத்து வீட்டில் யாருக்கு உடம்புக்கு முடியவில்லை என்றாலும் முதலில் கஞ்சி கொண்டுபோகிறவள். அவள் என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்று. "நீ தாய்மாமன். ஒன் சொல்லுக்கு அவ மட்டுப்படுவா. நீ பேசி மனச மாத்து."

"மகளுக்கு நீ என்னக்கா சொன்ன?" என்று கேட்டேன். "நாங்க யாருக்கும் எதிரி இல்ல, ஆனா ஊர் என்ன சொல்லும்னு சொன்னேன்" என்றாள். யோசித்துச் சொல்கிறேன் என்று போனை வைத்தேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு செயின்ட் பால்ஸ் கதீட்ரலுக்குப் போனோம். பிர்லா கோளரங்கத்துக்குப் பக்கத்தில் இருக்கிற வெள்ளைக் கோயில். 1934 பூகம்பத்தில் கோபுரம் விழுந்து, பிறகு இங்கிலாந்தின் கேன்டர்பரி கோபுரத்தைப் பார்த்துக் கட்டினார்கள். டூரிஸ்டுகள் அந்தக் கோபுரத்தைத்தான் போட்டோ எடுப்பார்கள். தமிழ்க் கிறிஸ்தவர்கள் பார்க்க வேண்டியது வேறொன்று: இந்தக் கதீட்ரலைக் கட்டிய பிஷப் டேனியல் வில்சனை இதற்குள்ளேயே அடக்கம் செய்திருக்கிறார்கள். 1832-ல் கல்கத்தா பிஷப்பாக வந்தவர், 1847-ல் கதீட்ரலைப் பிரதிஷ்டை செய்தவர், 1858 ஜனவரியில் இறந்தவர். எனக்கும் அவருக்கும் என்ன சம்பந்தம்? இருக்கிறது. வேப்பேரியிலும் தஞ்சாவூரிலும் நம் முன்னோர்கள் கூட்டம் கூட்டமாகக் கோயிலை விட்டு வெளியே போனதற்குக் காரணமானவர் இந்த மனிதர்தான்.

அப்போது சென்னைக்கென்று பிஷப் கிடையாது. 1835-ல்தான் டேனியல் கோரி வந்தார். அதுவரை ஆங்கிலத் திருச்சபையைப் பொறுத்தவரை வேப்பேரி, தஞ்சாவூர், திருச்சி எல்லாமே கல்கத்தா பிஷப்பின் கைக்குள். தெற்கே உள்ள பழைய சபைகளில் வேளாளர் ஒரு பக்கம், தாழ்த்தப்பட்ட சாதியார் இன்னொரு பக்கம் என்று தனித்தனியாக உட்கார்வது பழக்கம். தரங்கம்பாடி நாளிலிருந்தே வந்த பழக்கம். நற்கருணை வாங்குவதிலும் முன்னே பின்னே உண்டு. ஒருவர் வீட்டில் ஒருவர் சாப்பிட மாட்டார். பெண் கொடுக்கல் வாங்கல் பேச்சே இல்லை.

வில்சன் 1833 ஜூலை 5-ம் தேதி இங்கே கல்கத்தாவில் உட்கார்ந்து தெற்கே உள்ள மிஷனரிகளுக்கும் சபைகளுக்கும் ஒரு கடிதம் எழுதினார். சாதி வித்தியாசத்தைச் சபைக்குள் உடனே, முழுவதுமாக, திரும்ப வராதபடி விட்டுவிட வேண்டும் என்பது அதன் சாரம். இது ஏதோ நாட்டு வழக்கம், உடை மாதிரி, சாப்பாடு மாதிரி, மதத்தோடு சம்பந்தமில்லை என்ற சமாதானத்தை அவர் ஏற்கவில்லை. கடவுள் மனுஷ ஜாதி முழுவதையும் ஒரே இரத்தத்திலிருந்து படைத்தார் என்று பவுல் ஏதென்ஸில் பேசிய பேச்சும், இந்தக் கலாத்தியர் வசனமும் ஏட்டில் எழுதி வைக்கிற அழகான வார்த்தைகள் அல்ல, கோயிலில் யார் எங்கே உட்கார்கிறார் என்பதில் தெரிய வேண்டியவை என்பது அவர் கட்சி.

தேதியைக் கவனியுங்கள். அதே 1833 ஜூலை 29-ல்தான் லண்டனில் வில்பர்ஃபோர்ஸ் இறந்தார். ஆகஸ்ட் 28-ல் அடிமை ஒழிப்புச் சட்டத்துக்கு அரசரின் ஒப்புதல் கிடைத்தது. வில்சன் அந்த வட்டாரத்து ஆள். இங்கிலாந்தில் அடிமை வியாபாரத்துக்கு எதிராக பைபிளைத் திறந்தவர்கள், இங்கே வந்து சாதிக்கு எதிராகவும் அதே பக்கத்தைத் திறந்தார்கள்.

கடிதம் வாசிக்கப்பட்டதும் என்ன நடந்தது? வேப்பேரியில் வேளாளக் கிறிஸ்தவர்கள் பெரும்பாலோர் எழுந்து போய்விட்டார்கள். தஞ்சாவூரிலும் அதே கதை. உபதேசிமார் பலர் வேலையை விட்டார்கள். வில்சனே தெற்கே பயணம் போய் 1835 தொடக்கத்தில் தஞ்சாவூரில் நேரில் பேசிப் பார்த்தார். சிலர் திரும்பினார்கள், பலர் திரும்பவில்லை. 1840-களில் தரங்கம்பாடிக்கு வந்த லைப்ஸிக் லுத்தரன் மிஷன் இந்த விஷயத்தில் அவ்வளவு கெடுபிடி இல்லை என்பதால் போனவர்களில் பலர் அங்கே சேர்ந்துகொண்டார்கள். சபையை மாற்றத் தயாராக இருந்தார்கள், உட்காரும் இடத்தை மாற்றத்தான் முடியவில்லை.

இங்கே ஒரு விஷயத்தைச் சொல்லாவிட்டால் நியாயமில்லை. எதிர்த்தவர்களில் மிகப் பெரிய பெயர் தஞ்சை வேதநாயகம் சாஸ்திரியார். 1774-ல் பிறந்து 1864 வரை வாழ்ந்தவர். சுவார்ட்ஸ் ஐயர் பன்னிரண்டு வயதில் கூட்டிக்கொண்டு போய் வளர்த்த பிள்ளை, சரபோஜி மன்னருக்குத் தோழர், பெத்லகேம் குறவஞ்சி பாடியவர். இன்றைக்கும் அவர் கீர்த்தனை இல்லாமல் நம் சபைகளில் கிறிஸ்துமஸ் இல்லை. பெஹாலாவில் பதினோரு குடும்பம் கூடினாலும் முதலில் வருவது அவர் பாட்டுத்தான்.

வில்சன் கடிதத்துக்குச் சில வருடம் முன்பே, 1820-களின் கடைசியில், புதிதாக வந்த இளம் மிஷனரிமார் செய்கிற கொடுமைகள் என்று நான்கை வரிசைப்படுத்தி எழுதினார் சாஸ்திரியார். பழைய தமிழ் வேதத்தைத் திருத்துகிறார்கள் என்பது ஒன்று. சாதிகளை ஒன்றாகச் சேர்க்கிறார்கள் என்பது இரண்டு. கல்யாணத்திலும் சாவிலும் பூ வைக்கக் கூடாது என்கிறார்கள். தமிழ்ப் பாட்டையும் இசைக் கருவிகளையும் ஆராதனையிலிருந்து எடுக்கிறார்கள். இந்த நான்கும் அவருக்கு ஒரே குற்றப்பத்திரிகை.

எனக்கு இந்த நான்கில் இரண்டைப் படிக்கும்போது அவர் பக்கம் நிற்கத்தான் தோன்றுகிறது. பூ வைத்தால் பாவம் என்று எந்த வசனம் சொல்கிறது? லண்டனில் பாடுகிற மெட்டில்தான் தேவனைத் துதிக்க வேண்டும் என்று எங்கே எழுதியிருக்கிறது? வேதத் திருத்தம் பற்றி அவர் கோபம்கூட எனக்குப் புரிகிறது. பிலிப்பு பப்ரிஷியஸின் மொழிபெயர்ப்பை மனப்பாடமாகச் சொல்லி வளர்ந்த ஒருவருக்கு, ரேனியஸ் ஐயர் உட்கார்ந்து வார்த்தைகளை மாற்றினால் எப்படி இருக்கும்? நம் வீட்டுப் பெரியவர்களிடம் புது மொழிபெயர்ப்பு பைபிளைக் கொடுத்துப் பாருங்கள், தெரியும். தவிரவும், சாதியை விடு என்று கட்டளை போட்ட அதே வெள்ளைக்காரர்கள் அவர்கள் ஊர்க் கோயிலில் காசு கட்டி முன்வரிசை பெஞ்சை வாங்கி உட்கார்ந்தவர்கள். சமையல்காரனோடு ஒரே மேஜையில் சாப்பிட்ட கலெக்டர் எத்தனை பேர்?

ஆனால் இரண்டாவது புகாரில் அவரோடு போக முடியவில்லை. பூ வைப்பதால் யாருக்கும் ஒரு குறைவும் இல்லை. தமிழில் பாடுவதால் யாரும் வெளியே நிற்க வேண்டியதில்லை. சாதி அப்படியா? அதைக் காப்பாற்ற வேண்டுமென்றால் ஒருவன் பின்னால் உட்கார்ந்தே ஆக வேண்டும். வழக்கம் என்று ஒரே பையில் போட்டுவிட்ட நான்கு பொருளில் ஒன்று மட்டும் இன்னொரு மனிதனின் கழுத்தில் ஏறி நிற்கிறது. அவ்வளவு பெரிய ஞானி, வேதத்தை அவ்வளவு நேசித்தவர், அதைப் பிரித்துப் பார்க்கவில்லை. சுவார்ட்ஸ் ஐயரே விட்டுவைத்ததை நீ யார் கேட்க என்பதுதான் அவர் பக்கத்து வாதம். இதே வாதத்தை நான் எங்கள் ஊர்ச் சபைக் கமிட்டியிலும் கேட்டிருக்கிறேன், சுவார்ட்ஸ் ஐயருக்குப் பதில் வேறு ஐயர்.

வசனத்தை எந்தப் பக்கமும் இழுக்கலாம் என்று சொல்கிறவர்கள் உண்டு. உண்மைதான். அமெரிக்காவில் அடிமை வைத்திருந்தவர்களும் பவுலைத்தான் காட்டினார்கள், அடிமைகள் எஜமானுக்குக் கீழ்ப்படிய வேண்டும் என்று எழுதியிருக்கிறதே என்றார்கள். அடிமைத்தனத்தை ஒழித்தவர்களும் பவுலைத்தான் காட்டினார்கள். அப்புறம் வேதம் நமக்கு வழிகாட்டுகிறது என்பதற்கு என்ன அர்த்தம்? எனக்குத் தெரிந்த ஒரு சோதனை உண்டு. வாசிக்கிறவனுக்கு அந்த வசனத்தால் ஏதாவது செலவு இருக்கிறதா என்று பார்ப்பேன். அடிமை வைத்திருந்தவன் காட்டிய வசனம் அடிமைக்குத்தான் செலவு வைத்தது, அவனுக்கு ஒரு பைசா இல்லை. இது எல்லா இடத்திலும் பொருந்தும் என்று நான் சொல்லவில்லை. ஆனால் அடுத்தவனுக்கு மட்டும் செலவு வைக்கிற பிரசங்கத்தைக் கேட்டால் எனக்கு உடனே சந்தேகம் வரும்.

இதே கல்கத்தா பக்கத்தில் செலவு செய்தவர்களும் இருந்தார்கள். ஹவுராவிலிருந்து லோக்கல் ரெயில் ஏறினால் ஸ்ரீராம்பூர். வில்லியம் கேரி இருந்த ஊர். பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு நாங்கள் வருடம் ஒருமுறையாவது போவோம். ஆற்றங்கரையில் கல்லூரி, புதுப்பித்த செயின்ட் ஓலாவ் கோயில், அப்புறம் மிஷ்டி. அந்த ஊர் டேனிஷ்காரர்களுடையது. நம் தரங்கம்பாடியும் டேனிஷ்காரர்களுடையது. இரண்டையும் 1845-ல் ஒன்றாகவே இங்கிலீஷ்காரனுக்கு விற்றுவிட்டுப் போனார்கள். 1812 மார்ச்சில் கேரியின் அச்சகம் எரிந்தபோது எரிந்த எழுத்துகளில் தமிழ் எழுத்தும் உண்டு.

ஒரே கொடியின் கீழ் இருந்த இரண்டு ஊர். தரங்கம்பாடியில் தனித்தனியாக உட்கார வைத்தார்கள். ஸ்ரீராம்பூரில் முதல் நாளிலிருந்தே ஒரே பந்தி. கிருஷ்ண பால் என்ற தச்சர், கை மூட்டு நழுவியதற்குச் சிகிச்சை பெற வந்த இடத்தில் வேதத்தைக் கேட்டவர், 1800 டிசம்பர் 28-ல் ஹூக்ளி ஆற்றில் ஞானஸ்நானம் பெற்றார். அதற்கு ஒரு வாரம் முன்னாலேயே மிஷனரிகளோடு உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டார். ஞானஸ்நானத்துக்கு முன்னாலேயே சாப்பாடு! 1803-ல் அந்தத் தச்சரின் மகளை, கிருஷ்ண பிரசாத் என்ற பிராமணக் கிறிஸ்தவர் கல்யாணம் செய்துகொண்டார். கல்யாண விருந்தில் எல்லாரும் சேர்ந்து சாப்பிட்டார்கள். அதே வருடம் கோகுல் என்ற சூத்திரக் கிறிஸ்தவர் இறந்தபோது பெட்டியைத் தூக்கியவர்கள் மார்ஷ்மன், கேரியின் மகன் ஃபீலிக்ஸ், பிராமணராக இருந்து வந்த ஒருவர், முஸ்லிமாக இருந்து வந்த ஒருவர். நம் ஊரில் இன்னும் சில இடங்களில் கல்லறைத் தோட்டமே இரண்டாக இருக்கிறது. அங்கே தூக்குகிற நாலு பேரே இப்படி.

கேரியைப் பற்றி இன்னொன்று. 1799-ல் ஒரு பெண்ணைக் கணவனின் சிதையில் வைத்து எரிப்பதை அவர் கண்ணால் பார்த்துவிட்டார். அதற்கப்புறம் முப்பது வருடம் அதை எதிர்த்து எழுதினார், கணக்கெடுத்தார், மனுப் போட்டார். 1829 டிசம்பர் 4, வெள்ளிக்கிழமை, பெண்டிங்க் பிரபு தடைச் சட்டத்தில் கையெழுத்துப் போட்டார். வங்காளியில் மொழிபெயர்க்க வேண்டியவர் அரசாங்க மொழிபெயர்ப்பாளரான கேரி. தாள் அவர் கைக்கு வந்தது ஞாயிற்றுக்கிழமை காலையில், கோயிலுக்குப் பிரசங்கம் செய்யக் கிளம்பிய நேரத்தில். கோட்டைக் கழற்றிப் போட்டுவிட்டு, பிரசங்கத்துக்கு வேறு ஆளைப் போகச் சொல்லிவிட்டு, பண்டிதரைக் கூப்பிட்டு உட்கார்ந்துவிட்டார். சாயங்காலத்துக்குள் முடித்துவிட்டார். ஒரு மணி நேரம் தாமதித்தாலும் எங்கேயாவது ஒரு விதவை எரிவாள் என்பது அவர் கணக்கு.

ஓய்வுநாளை அவ்வளவு கண்டிப்பாக ஆசரித்த பாப்டிஸ்டுக்காரர். ஓய்வுநாள் மனுஷனுக்காக உண்டானது என்று மாற்கு இரண்டில் இயேசு சொன்னதை அன்றைக்கு அவர் யாருக்கும் எடுத்து வாசிக்கவில்லை. ஆனால் அந்த வசனத்துக்கு அவர் செய்ததிலேயே பெரிய பிரசங்கம் அந்த ஞாயிற்றுக்கிழமை செய்யாமல் விட்ட பிரசங்கம்தான் என்று எனக்குப் படுகிறது.

சரி, கலாத்தியருக்கு வருவோம். அண்ணாச்சி கொடுத்தது மூன்றாம் அதிகாரம். நான் அதற்கு முந்தின அதிகாரத்தில் போய் மாட்டிக்கொண்டேன்.

அந்தியோகியா. யூதரல்லாதவர்களோடு பேதுரு ஒரே பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார். பேதுருவுக்கு இதில் சந்தேகமே இல்லை. யோப்பாவில் தரிசனம் கண்டவர், கொர்நேலியு வீட்டுக்குள் போனவர் அவர்தானே. கொஞ்ச நாள் கழித்து எருசலேமிலிருந்து ஆட்கள் வந்தார்கள். அவர்களைப் பார்த்ததும் பேதுரு பயந்து, மெல்லப் பந்தியை விட்டு விலகிக்கொண்டார். அவர் விலகியதும் மற்ற யூதரும் விலகினார்கள். பர்னபாகூட. பவுல் எல்லாருக்கும் முன்னால் பேதுருவை முகத்துக்கு நேரே கேட்டார்.

பவுல் எதைக் கேட்டார் என்பதைக் கவனிக்க வேண்டும். உன் கொள்கை தப்பு என்று கேட்கவில்லை. பேதுருவின் கொள்கை சரியாகத்தான் இருந்தது. சுவிசேஷத்தின் சத்தியத்துக்கு ஏற்றபடி கால் நேராக நடக்கவில்லை என்றார். கொள்கை சரி, நடை கோணல். வெளியூர் ஆள் வந்ததும் எழுந்துபோனதுதான் குற்றம். பேதுரு யாரையும் திட்டவில்லை, யாரையும் வெளியே தள்ளவில்லை. "நாங்க யாருக்கும் எதிரி இல்ல, ஆனா ஊர் என்ன சொல்லும்" என்பதைத்தான் வாயால் சொல்லாமல் காலால் சொன்னார். மூன்றாம் அதிகாரத்து 28-ம் வசனம் வருவது இந்தச் சாப்பாட்டுச் சண்டைக்கு அப்புறம்தான். பந்தியை விட்டுவிட்டு அந்த வசனத்தை மட்டும் எடுத்தால் அது காலண்டரில் மாட்டுகிற வசனமாகிவிடுகிறது.

இதைத்தான் பேசலாம் என்று முடிவு செய்தேன். ஆனால் பேசுவதற்கு முன்னால் அக்காவுக்குப் பதில் சொல்ல வேண்டியிருந்தது. சனிக்கிழமை எங்கள் வீட்டு ஹாலில் பந்தியைப் பற்றிப் பேசிவிட்டு, ஞாயிற்றுக்கிழமை போனில் மருமகளிடம் வேறு மாதிரிப் பேச முடியாதல்லவா. வெள்ளிக்கிழமை ராத்திரி கூப்பிட்டேன். மனைவி பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள்.

"அக்கா, நான் அவகிட்ட பேசிட்டேன்."

"என்ன சொன்னா? கேட்டாளா?"

"நான் ஒண்ணும் மனச மாத்தச் சொல்லல. பையன்கிட்டயும் பேசுனேன். நல்ல பையன்க்கா. கல்யாணத்துக்கு நான் வருவேன். தாய்மாமன் சீர் நான்தான் செய்வேன்."

ரொம்ப நேரம் சத்தமே இல்லை. பிறகு அக்கா கேட்டாள், "ஒனக்கு அங்க தூரத்துல இருந்துக்கிட்டு சொல்றதுக்கு ஈசி. நாளைக்கு கோயில்ல எனக்குப் பக்கத்துல உக்கார்றவளுக்கு நான் என்ன பதில் சொல்ல?"

இந்தக் கேள்வியைத் தள்ளிவிட முடியாது. வில்சனிடமும் இதைத்தான் கேட்டிருப்பார்கள். கல்கத்தாவிலிருந்து தஞ்சாவூருக்குக் கடிதம் எழுதுவது வில்சனுக்குச் சுலபம், தஞ்சாவூரில் பக்கத்து வீட்டுக்காரனுக்குப் பதில் சொல்ல வேண்டியவர் அவர் இல்லை. பெஹாலாவில் நான் யார் என்று யாருக்கும் தெரியாது, கவலையும் கிடையாது. இங்கே எங்களை மொத்தமாக 'மத்ராஸி' என்று ஒரே சாதியாக்கி வைத்திருக்கிறார்கள். வெளியூரில் இருக்கிற நம்மில் பலருக்கு இந்த விஷயத்தில் தைரியம் வருவது தூரத்தினால்தான் என்பதை ஒத்துக்கொள்ளத்தான் வேண்டும். ஆனால் தூரத்தில் இருந்து வந்த சொல் என்பதற்காக அது பொய்யாகிவிடுமா? கலாத்தியருக்குப் பவுல் எழுதியதும் தூரத்திலிருந்துதான். நம்மில் எத்தனையோ பேர் அமெரிக்கா, சிங்கப்பூர், துபாய் என்று போய் உட்கார்ந்துகொண்டு, ஊரில் இருப்பவர்களைவிடக் கெட்டியாகச் சாதி பார்த்து வரன் தேடுகிறோமே, அதற்குத் தூரம் தடையாக இல்லையே.

"அந்த அக்காகிட்ட, என் தம்பிதான் முன்ன நின்னு நடத்துறான்னு சொல்லு. பழி என் மேல இருக்கட்டும்" என்றேன். அக்கா போனை வைத்துவிட்டாள்.

சனிக்கிழமை பேசினேன். அக்கா பெயரையோ, எங்கள் வீட்டு விஷயத்தையோ சொல்லவில்லை, அது அவள் விஷயம். வில்சன் கடிதத்தைச் சொன்னேன், சாஸ்திரியாரைச் சொன்னேன், பேதுருவைச் சொன்னேன். சாஸ்திரியார் பெயர் வந்ததும் தஞ்சாவூர்க்காரர் ஒருவருக்கு முகம் மாறியது. அடுத்தபடியாக பாடிய பாட்டே சாஸ்திரியாருடையது என்பதால் கொஞ்சம் சமாதானம். இருபத்தெட்டு நிமிடம் ஆகிவிட்டது, அண்ணாச்சி இரண்டு முறை கடிகாரத்தைப் பார்த்தார்.

காபி குடிக்கும்போது எதிர்பாராத இடத்திலிருந்து ஒரு கேள்வி. பிளஸ் டூ படிக்கிற ஒரு பெண், "அங்கிள், பேதுரு என்ன பதில் சொன்னாரு?" என்று கேட்டாள். எழுதவில்லையம்மா என்றேன். பவுல் கேட்டதுதான் இருக்கிறது, பேதுருவின் பதில் அந்தக் கடிதத்தில் இல்லை. "அப்போ பேதுரு திரும்பப் போய் பந்தியில உக்காந்தாரா இல்லியா?" என்று விடாமல் கேட்டாள். அவள் அம்மா, "தட்டை எடுத்து வை மொதல்ல" என்று கூட்டிக்கொண்டு போனார். அண்ணாச்சி என்னிடம் செய்தியைப் பற்றி நல்லது கெட்டது ஒன்றும் சொல்லவில்லை. கிளம்பும்போது மட்டும் செருப்பை மாட்டிக்கொண்டே, "என் ரெண்டாவது பையனுக்கு வரன் பாத்துக்கிட்டிருக்கேன், தம்பி. ஒங்களுக்குத் தெரியும்லா" என்றார். தெரியும் அண்ணாச்சி என்றேன். வேறொன்றும் பேசாமல் ஆட்டோ ஏறிப் போனார்.

கல்யாணம் ஆடி கழித்து. சென்னைக்கு ரெயில் டிக்கெட் போட்டாகிவிட்டது. மருமகளுக்குச் சீர்ப் புடவை இங்கிருந்தே எடுத்துவிடலாம், பாலுச்சரி எடுத்தால் ஊரில் யாரிடமும் இருக்காது என்கிறாள் மனைவி. காஞ்சிபுரம் எடுக்காவிட்டால் அக்கா அதற்கும் சேர்த்துக் கோபிப்பாள் என்கிறேன் நான். வருகிற ஞாயிறு ஆராதனை முடிந்து கரியாஹாட் போய்ப் பார்க்கப் போகிறோம். அக்காவிடமிருந்து இதுவரை போன் இல்லை. அத்தான் மட்டும் நேற்று கூப்பிட்டு, எத்தனை பேர் வருகிறீர்கள், எந்த ரெயில் என்று கேட்டு எழுதிக்கொண்டார்.